பிள்ளையார் இல்லாத சூளை

"ஒரு கதவு மூடியிருக்கு. அதைப் பார்த்ததும் உனக்கு முதல்ல என்ன தோணும்?"

வேலை கேட்டுப் போன அன்று துப்பறியும் சாமிதுரை அம்சவல்லியிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். என்ன படித்திருக்கிறாய், டைப் தெரியுமா, ராத்திரி எத்தனை மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவே இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு அது வீணாய்ப் போனது.

"மூடினவன் உள்ள இருக்கானா, வெளியில இருக்கானான்னு தோணும் சார்" என்றாள்.

மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது 1990 மாசி மாதம். ஒரு சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, தன் சொந்த ஊரான விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றுக்குள் நின்று அம்சவல்லி ஒரு மூடிய வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கதவு கிடையாது. மூன்றாம் நம்பர் சூளையின் வாசலைச் செங்கல் அடுக்கி, மேலே மண் பூசி, எறும்பு நுழைய இடமில்லாமல் அடைத்திருந்தார்கள். ஓர் ஆள் குனியாமல் உள்ளே போகலாம், அவ்வளவு உயரம்.

பக்கத்தில் நின்ற ராணியின் கண்ணும் அந்தச் செங்கல் மேலேயே இருந்தது.

ராணி இதே கம்பெனியில் கோப்பைகளை மெருகுக்கான கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை செய்பவள். அவள் புருஷன் ராஜவேல்தான் இங்கே சூளைக்காரர். அப்பா, பாட்டன் காலமெல்லாம் சட்டியும் பானையும் சுட்ட குடும்பம். இவர் பீங்கான் சுட வந்தவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சூளையடியில் அவரைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர் யாரும் இல்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் அக்கா வீடு, திட்டக்குடியில் மாமன் வீடு, எங்கேயும் போகவில்லை. நேற்றுக் காலை ராணி கடலூருக்குப் பஸ் ஏறி வந்து, சாமிதுரையின் ஆபீசில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்:

"உசுரோட இருக்காரா இல்லியான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சார். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

முதலாளி தங்கராசு சொன்ன கதை வேறு. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, அவர் அதைப் பத்திரிகை படிப்பதுபோல் சொன்னார். சோவியத் நாடும் நம் நாடும் இன்று நேற்றுச் சிநேகிதர்கள் இல்லை. அவர்கள் இயந்திரம் அனுப்புகிறார்கள், நாம் தேயிலையும் துணியும் அனுப்புகிறோம், வியாபாரம் முழுவதும் நம் ரூபாயிலேயே நடக்கிறது. அந்த வரிசையில் இப்போது விருத்தாசலத்து டீக்கோப்பையும் சேரப்போகிறது. ஆறு மாதத்துக்கு முன்பு அவர் காட்டிய சாம்பிள் கோப்பை அவர்களுக்குப் பிடித்துப்போய், அதை ஒரு பெட்டியில் வைத்து, அரக்கு முத்திரை போட்டு அவரிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அனுப்புகிற ஒவ்வொரு கோப்பையும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது மாதிரியே இருக்க வேண்டும். திங்கட்கிழமை தூதுக்குழு வருகிறது. அவர்கள் கையாலேயே மூன்றாம் நம்பர் சூளையைப் பற்றவைப்பார்கள். புதன்கிழமை சூளையைத் திறந்து, சரக்கைப் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

இந்த நேரத்தில் பெட்டியைக் காணோம், ராஜவேலையும் காணோம்.

"செவ்வாய் சாயங்காலம் சூளையை அடைச்சான். அப்படியே பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். திங்கட்கிழமை காலைல வரைக்கும் பாப்பேன், அப்புறம் போலீசு. இது ரெண்டு நாட்டு விவகாரம் சார். கோழித் திருட்டுன்னு எழுதமாட்டாங்க. உள்ள போனா வெளிய வர்றது கஷ்டம்."

கடைசி வார்த்தைகளை அவர் ராணியைப் பார்த்துச் சொன்னார். சாமிதுரை பதிலுக்குத் தும்மினார். பீங்கான் மாவுத் தூசி அவருக்கு ஆகாது. கம்பெனி வாசலில் கால் வைத்ததிலிருந்து அது பத்தொன்பதாவது தும்மல் என்று அம்சவல்லி கணக்கு வைத்திருந்தாள்.

வெளியே முற்றத்தில் இருபது பெண்கள் வரிசையாக நின்று, ரஷ்ய மொழியில் வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தை ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு விதமாக உடைந்தது. இதைக் கேட்டால் விருந்துக்கு வந்தோமா சண்டைக்கு வந்தோமா என்று தூதுக்குழுவுக்கே சந்தேகம் வந்துவிடும் என்று அம்சவல்லி சொல்ல, ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ராணி வருவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே, இரண்டு நாட்டுக் கொடியும் கைகுலுக்கலும் வரைந்த துணி காற்றில் படபடத்தது.

அம்சவல்லி மறுபடியும் சூளைக்கே வந்தாள். ஒன்றாம் நம்பரையும் இரண்டாம் நம்பரையும் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்றின் முன்னால் நின்றாள். என்னவோ குறைந்தது. பொட்டு இல்லாத முகம் மாதிரி இருந்தது.

மண் பிசைகிற பெரியம்மாள் கையெல்லாம் சேறாக அந்தப் பக்கம் வந்தாள். முன் இரண்டு சூளை வாசலிலும் மேலே ஒட்டியிருக்கிறதே, அது என்ன என்று அம்சவல்லி கேட்டாள்.

"புள்ளையாரு. ராஜவேலு புடிச்சு ஒட்டுவான்" என்றாள் பெரியம்மாள். அடைத்து முடித்ததும் மிஞ்சின மண்ணில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒன்று பிடித்து, வாசலுக்கு மேலே ஒட்டி, குங்குமம் வைத்து, அருகம்புல் செருகிவிட்டுத்தான் ராஜவேல் கீழே இறங்குவானாம். அவன் அப்பன் மண்சட்டிச் சூளைக்குச் செய்தது. ஒருமுறை ஜுரத்தில் நிற்க முடியாமல் இருந்தபோதுகூட இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி ஒட்டினானாம். ஒட்டாமல் தீக்குச்சி கிழிக்க மாட்டான். அடுத்தவனையும் கிழிக்க விடமாட்டான்.

"இதுல இல்லியே?"

பெரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் நம்பர் வாசலை அவள் அன்றுதான் சரியாகப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. கையிலிருந்த சேற்றைப் புடவையில் துடைத்தாள்.

"அப்படின்னா அவன் அடைக்கல பாப்பா" என்றாள் மெதுவாக.

புதன்கிழமை, கம்பெனிக்கு வெள்ளையடிக்கிறோம் என்று எல்லாருக்கும் லீவு விட்டிருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. வியாழக்கிழமை வந்து பார்த்தபோது வெள்ளையடித்திருந்தது. சூளையும் அடைத்திருந்தது. ராஜவேல் செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டான் என்று முதலாளி சொன்னார், தொழிலாளர்களும் நம்பினார்கள்.

அம்சவல்லி சாமிதுரையிடம் போய்க் காதில் சொன்னாள். அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவருக்குத் தும்மல் வரவில்லை.

"அதாவது ராஜவேல் காணாமப் போன பிறகு, ராஜவேல் இல்லாத வேற யாரோ, அவசரமா அந்தச் சூளையை அடைச்சிருக்காங்க."

"ஆமாம் சார். அதைத் திங்கட்கிழமை பத்தவைக்கப் போறாங்க."

இரண்டு பேரும் சூளைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு இப்போது தோன்றியதை ராணி ஏற்கெனவே நினைத்து முடித்திருந்தாள். வியாழக்கிழமையிலிருந்து அவள் வேலைக்கு வந்து, கோப்பை முக்குகிற இடத்தில் நிற்காமல், இந்த வாசலுக்கு எதிரே வந்து நின்றதன் காரணம் அம்சவல்லிக்கு இப்போது விளங்கியது. இரண்டு நாட்டு நட்புக்காக ஏற்றப்போகிற நெருப்பு எதை எரிக்கப்போகிறது என்று நினைத்தபோது, திங்கட்கிழமை வரை காத்திருக்க அவளால் முடியவில்லை.

சூளையைத் திறந்து காட்டச் சொல்லி சாமிதுரை கேட்டார். தங்கராசு ஒத்துக்கொள்ளவில்லை. விருந்தாளி கையால் பற்றவைக்கவென்று நல்ல நேரம் பார்த்து அடைத்தது, போலீஸ் வந்து சொன்னாலொழியத் தொட விடமாட்டேன் என்றார். அவர் குரல் ஏறவில்லை. நெற்றியில் மட்டும் வியர்த்தது.

நேர்வழி அடைபட்டால் அம்சவல்லிக்குக் கொண்டாட்டம். முற்றத்துக்குப் போய், பெரியம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்றாம் நம்பரில் பிள்ளையார் இல்லாத விஷயத்தைப் பெண்களிடம் சாதாரணமாகச் சொல்லிவைத்தாள். வெளிநாட்டுக்காரர் கையால் நெருப்பு வைக்கிற சூளை, அதில் காவலுக்கு ஒரு பிள்ளையார்கூட இல்லை, வெடித்தால் முன்வரிசையில் நிற்கிறவர்கள் நீங்கள்தான் என்றாள். ரஷ்ய வணக்கம் பாதியில் நின்றது. பிள்ளையார் வைக்காத சூளைக்குப் பக்கத்தில் எங்களால் நிற்க முடியாது என்று இருபது பேரும் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு பிடி மண்ணில் போகிற பிரச்சினைதானே என்று தங்கராசு நினைத்திருக்க வேண்டும். "ஒட்டித் தொலைங்க" என்றார்.

அம்சவல்லி ஏணியில் ஏறினாள். பிள்ளையார் பிடிக்க அவளுக்கு வராது. அவள் பிடித்தது தும்பிக்கை வைத்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. காய்ந்த பூச்சின்மேல் ஈரமண் ஒட்டாது, கொஞ்சம் சுரண்ட வேண்டும் என்று கீழே பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு பழைய கரண்டியால் சுரண்டினாள். சுரண்டிக்கொண்டே இருந்தாள். ஒரு செங்கல் ஆடியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது அவள் கையோடு வந்துவிட்டது.

தங்கராசு கத்திக்கொண்டு ஓடிவந்தார். கொத்து வேலை தெரியாத பொண்ணு, மன்னிச்சுக்குங்க மொதலாளி என்று சொல்லியபடியே அவள் இரண்டாவது செங்கல்லையும் எடுத்துவிட்டாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டையில் முகத்தை வைத்தாள். நான்கு நாள் ஆன பிணம் எப்படி நாறும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குத் தயாராகி, மெதுவாக மூச்சை இழுத்தாள்.

வைக்கோல் வாசனைதான் வந்தது.

ஓட்டை வழியாக உள்ளே விழுந்த வெயிலில் வரிசை வரிசையாகக் கோப்பைகள் தெரிந்தன. ஆள் யாரும் இல்லை. பின்சுவர் வரைக்கும் கண்ணை ஓட்டிப் பார்த்தாள். இல்லை.

"அக்கா, உள்ள அவுரு இல்ல" என்றாள்.

ராணி சூளைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அம்சவல்லி இறங்கப் போனவள் நின்றாள். திரும்பவும் எட்டிப் பார்த்தாள். கோப்பைகள் மேல் வெயில் பட்டுத் தெறித்தது. பல் தேய்த்த மாதிரி ஒவ்வொன்றும் பளபளத்தது.

"பெரியம்மாக்கா, கிளேஸ்ல முக்கி எடுத்த கோப்பை, சூளைக்குப் போறதுக்கு முன்ன எப்படி இருக்கும்?"

"சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. மங்கலா, தொட்டா கையில ஒட்டும்."

"பளபளப்பு எப்ப வரும்?"

"வெந்த பிறவுதான்."

"இது இன்னும் பத்தவைக்காத சூளை" என்றாள் அம்சவல்லி. "உள்ள இருக்கிறதெல்லாம் வெந்த சாமான்."

கையை விட்டு ஒன்றை எடுத்துக் கீழே கொடுத்தாள். சாமிதுரை அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஐந்து பைசா அளவுக்கு ஓர் இடம் சொரசொரவென்று இருந்தது. முத்திரை இருந்த இடத்தை யாரோ கல்லில் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அவர் சூளைக்குப் பின்னால் இருந்த உடைசல் குவியலுக்குப் போய், கையிலிருந்த குடையால் கிளறினார். இரண்டு தும்மலுக்குப் பிறகு ஒரு முழுக் கோப்பை அகப்பட்டது. அதே வளைவு, அதே கைப்பிடி. நிறம் மட்டும் கொஞ்சம் சாம்பல். அதைக் கொண்டுவந்து வெள்ளைக் கோப்பைக்குள் வைத்தார். கைப்பிடி விளிம்பில் இடிக்க, மற்றபடி உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"சுட்டா மண் சுருங்கும்" என்றார். "வெந்த கோப்பையில இருந்து அச்சு எடுத்து இன்னொண்ணு செஞ்சா, அது எப்பவும் ஒரு சுத்துச் சின்னதாத்தான் வரும். நம்ம சொந்தக் கோப்பைக்கு நம்மகிட்ட அச்சு இருக்கும், காப்பி அடிக்க வேண்டியதில்ல. ராஜவேல் காப்பி அடிச்சுப் பார்த்திருக்கார். ஏன்னா சாம்பிள் இங்க செஞ்சதே இல்ல. சரிதானே தங்கராசு?"

தங்கராசு சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். மறுத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் அவர் பேச்சு பெண்கள் பக்கம் திரும்பியது. மெட்ராசில் நடந்த ரஷ்யப் பொருட்காட்சியில் விற்காமல் மிஞ்சி, வைக்கோல் பொதிந்து வந்த கோப்பைகள் அவை. அவர்களுக்குப் பிடித்ததைக் காட்டினால்தானே அவர்கள் வாங்குவார்கள் என்று, அவர்கள் நாட்டுக் கோப்பையையே சாம்பிளாகக் காட்டினாராம். திங்கட்கிழமை பேருக்குக் கொஞ்சம் நெருப்பு, புதன்கிழமை திறப்பு, கையெழுத்து. அப்புறம் நம் மண்ணில் செய்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடலாம்.

"அறுபத்து நாலு பேரு சோறு இதுல இருக்குது" என்றார். "கையெழுத்து ஆகலன்னா அடுத்த மாசம் கம்பெனியை மூடுவேன். யோசிச்சு வாயைத் தொறங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்சவல்லி கையிலிருந்த செங்கல்லைப் பார்த்தாள். அதைத் திரும்ப வைத்துவிடச் சொல்லி அந்த இருபது பேரில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"அது உங்க கணக்கு" என்றார் சாமிதுரை. "ராஜவேல் எங்க?"

"எனக்கென்னங்க தெரியும். சத்தியமாத் தெரியாது."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அப்போதே தெரிந்துபோனது. கேட்டுக்குள் ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. முதலில் சஃபாரி சூட் போட்ட மெட்ராஸ்காரர் ஒருவர் இறங்கினார். அடுத்து நரைத்த தலையோடு உயரமான ஒரு வெள்ளைக்காரர். திங்கட்கிழமை தூதுக்குழுவோடு வர வேண்டிய லோபானோவ் அவர்தான் என்று தங்கராசின் முகம் சொன்னது. கடைசியாக, நான்கு நாள் தாடியோடு, அரக்கு முத்திரை போட்ட பெட்டியை மார்போடு அணைத்தபடி ராஜவேல் இறங்கினார்.

அவர்தான் பெட்டியை எடுத்திருக்கிறார். முதலாளி சொன்னதில் அது மட்டும் நிஜம்.

காப்பி அடித்தது சரியாக வராததால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதலாளி திட்டத்தைச் சொல்லியிருக்கிறார். பிற்பாடு சரக்கு சரியில்லை என்று வந்தால் சூளைக்காரன் கெடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ராஜவேல் பெட்டியோடு ரயிலேறி, மெட்ராசில் சோவியத் வணிக அலுவலகத்து வாசலில் இரண்டு நாள் நின்றிருக்கிறார். மூன்றாம் நாள்தான் உள்ளே விட்டார்கள்.

"என் சூளையில வேகாததை, என் சூளையில வெந்ததுன்னு நான் எப்படிங்க எடுத்துக் குடுப்பேன்?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

லோபானோவ் சாமிதுரை கையிலிருந்த கோப்பையை வாங்கி, அடியில் தேய்த்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். தன் மொழியில் ஏதோ சொன்னார். சஃபாரி சூட்காரர் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார்.

"சாம்பிளைப் பார்த்த அன்னைக்கே, ரொம்பப் பழகின கோப்பை மாதிரி இருந்துச்சாம். அதனாலதான் பிடிச்சுதாம். அவர் வீட்டுல இதுலதான் டீ குடிப்பாங்களாம்." நிறுத்திவிட்டு, "திங்கட்கிழமை யாரும் வர மாட்டாங்க" என்றார்.

கார் திரும்பிப் போனபோது கிளம்பிய தூசி மெல்ல அடங்கியது. பெரியம்மாள்தான் முதலில் பேசினாள்.

"நல்ல காரியம் பண்ணிட்ட ராஜவேலு. நாங்க நாளையில இருந்து எங்க போவோம், அதையும் சொல்லிடு."

ராஜவேல் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ராணியைத் தேடினார். ராணி எழுந்து வந்தாள். அவர் கையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், உள்ளங்கையை அவர் மார்பில் ஒரு கணம் வைத்துப் பார்த்தாள்.

"மூணு நாளா அந்தச் செங்கல்லைப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"சொன்னா போவ வுட்டிருக்க மாட்ட." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "நீயும் அந்த அறுபத்து நாலுல ஒருத்திதான?"

ராணியின் கை அவர் மார்பிலிருந்து இறங்கியது. பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ராஜவேல் இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார். ராணி திரும்பிப் பார்க்காமல், கேட்டைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தாள்.